உங்கள் வீட்டுக்குச் செப்டிக் தொட்டி தேவையா? குனோங் ராபாட்டின் நிலம் சொல்லும் பதில்

ஈப்போவிலிருந்து கோப்பெங் நோக்கிப் போகும்போது குனோங் ராபாட்டில் முதலில் கண்ணில் படுபவை சுண்ணாம்புக் குன்றுகள். சாம் போ தோங், கெக் லோக் தோங் போன்ற குகைக் கோவில்கள் இந்தக் குன்றுகளுக்குள்தான் இருக்கின்றன. வார இறுதியில் சுற்றுப்பயணிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் குன்றுகளைச் சுற்றியிருக்கும் வீடுகளை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை அந்த வீடுகள்தான்.

இங்கே பல காலத்து வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமத்து வீடுகள் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய பழைய தாமான் வீடுகள் உண்டு. வாசலில் காவலர் சாவடியோடு எழும்பும் புதிய தாமான்களும் உண்டு. மூன்றிலும் கழிவறை பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் பாய்கிறது, எல்லாம் மறைந்துவிடுகிறது. மறைந்தது எங்கே போகிறது என்று கேட்டால் மூன்று வீட்டுக்கும் மூன்று பதில் வரலாம்.

நம் பெற்றோர் பலர் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். சேமநிதிப் பணத்தைச் சேர்த்து, வங்கிக் கடன் வாங்கி, குடும்பத்தில் முதன்முறையாகச் சொந்த வீடு வாங்கியவர்கள். பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனால் கூரை ஒழுகுகிறதா, கம்பிக் கதவு உறுதியா, கோவில் எவ்வளவு தூரம், பள்ளி எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். கழிவு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அது பற்றி வரும் மலாய்க் கடிதத்தையும் கட்டண ரசீதையும் படித்துச் சொல்வது பெரும்பாலும் வீட்டில் படிக்கும் பிள்ளைகளான நாம்தான். ஆகவே இந்தக் கேள்வி நமக்கும் உரியது.

தோட்டத்தில் தொடங்கிய கதை

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயா ரப்பர் தோட்டங்களில் தமிழர்களை வாட்டிய நோய்களில் ஒன்று கொக்கிப்புழு நோய். மலம் கலந்த மண்ணில் அதன் முட்டை பொரிந்து, வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியாகப் புழு உடலுக்குள் நுழையும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த ஆளால் அதிகாலையில் எழுந்து பால் மரம் வெட்ட முடியாது. அமெரிக்காவின் ராக்கபெல்லர் அறக்கட்டளை 1915 முதல் 1917 வரை ஒரு குழுவை அனுப்பி மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்த நோயை ஆராய்ந்தது. அறிக்கை 1920-இல் வெளிவந்தது. கொக்கிப்புழுவுக்கு மருந்து மட்டும் போதாது. மலம் மண்ணில் கலக்கும்வரை மருந்து குடித்தவருக்கே புழு மறுபடியும் தொற்றும். பாதுகாப்பான கழிவறை இருந்தால்தான் அந்தச் சுற்று அறும்.

பிறகு குழிக் கக்கூஸ், வாளிக் கக்கூஸ், தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் என்று படிப்படியாக மாறியது. வாளி நிறைந்ததும் அதைச் சுமந்து அப்புறப்படுத்த ஓர் ஆள் இருந்தார். பல இடங்களில் அந்த வேலை நம் மக்களின் தலையில்தான் விழுந்தது. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்ற சட்டம் 1966-இல் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் புதிய சட்டம் வந்தது. கிராமப்புறங்களில் 1970-களிலிருந்து சுகாதார அமைச்சு தண்ணீர் ஊற்றும் கழிவறைகளைப் பரவலாகக் கட்ட உதவியது.

தோட்டத்தில் இருந்தவரை கழிவறை நிர்வாகத்தின் பொறுப்பு. அடைத்துக்கொண்டால் கிராணியிடம் சொல்லலாம், சங்கத்திடம் முறையிடலாம். சொந்த வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை வேறு. நம் நிலத்தின் எல்லைக்குள் இருக்கும் குழாயும் தொட்டியும் நம் பொறுப்பு. இந்த மாற்றத்தைப் பல குடும்பங்களுக்கு யாரும் உட்கார வைத்து விளக்கியதில்லை.

மூன்று விடைகள்

முதல் விடை, பொதுக் கழிவுநீர்க் குழாய். வீட்டுக் கழிவறை, குளியலறை, அடுப்படித் தண்ணீர் எல்லாம் நிலத்தடிக் குழாயில் இறங்கி, தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயில் சேர்ந்து, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இப்படி இணைந்த வீட்டுக்குச் செப்டிக் தொட்டி தேவையில்லை.

இரண்டாவது விடை, தனித் தொட்டி. இதை மலாயில் ‘தங்கி செப்டிக்’ என்கிறார்கள். வீட்டின் பின்னாலோ பக்கவாட்டிலோ மண்ணுக்கு அடியில் சிமெண்ட்டில் கட்டியிருக்கும். கழிவறைத் தண்ணீர் அதற்குள் போகும். பழைய வீடுகளில் குளியல், அடுப்படித் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் நேராக லோங்காங்கில் விழுவது வழக்கம்.

மூன்றாவது விடை, குழி. தண்ணீர் ஊற்றும் பழைய கழிவறைகளில் கழிவு ஒரு குழிக்குள் போய், நீர் மண்ணில் ஊறிவிடும். அடியில் தளம் இல்லாத குழியைப் பலர் செப்டிக் தொட்டி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தொட்டிக்கு அடியும் சுவரும் உண்டு. குழிக்கு மண்தான் சுவர்.

நம் வீடு எந்த வகை?

இதைக் கண்டுபிடிக்க எஸ்பிஎம் அறிவியல் போதும். நான்கு சோதனைகள் இருக்கின்றன.

ஒன்று, கட்டண ரசீது. 1993-இல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் வந்தது. அதுவரை ஊராட்சி மன்றங்கள் கவனித்த பணியை 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் ஏற்கத் தொடங்கியது. பேராக்கும் அதன் சேவைப் பகுதியில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு இண்டா வாட்டர் ரசீது வருகிறதா? வந்தால், அது குழாய் இணைப்புக்கான கட்டணமா, தொட்டிக்கான கட்டணமா என்று பாருங்கள். ‘தங்கி செப்டிக்’ என்ற சொல் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஐயம் இருந்தால் கணக்கு எண்ணைச் சொல்லி நிறுவனத்தையே கேட்கலாம். ரசீதே வராத வீடு என்றால், ஏன் வரவில்லை என்பதுதான் அடுத்து விசாரிக்க வேண்டியது.

இரண்டு, மூடிகள். வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தெருவிலோ பின் சந்திலோ குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக வட்ட இரும்பு மூடிகள் வரிசையாக இருந்தால், அடியில் பொதுக் குழாய் ஓடக்கூடும். மழைநீர்க் கால்வாய்க்கும் தொலைபேசிக் கம்பிக்கும்கூட மூடிகள் உண்டு. ஆகவே மூடியின் மேல் வார்த்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். உங்கள் வேலிக்குள் ஒன்றிரண்டு சிமெண்ட் மூடிகளும் அவற்றின் அருகே மேல்நோக்கி நிற்கும் காற்றுக் குழாயும் இருந்தால், அது பெரும்பாலும் தொட்டி.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வரும். தாமான் வீடுகளில் குடும்பம் பெருகியதும் பின்பக்கம் அடுப்படியை நீட்டிக் கட்டுவார்கள். தொட்டியின் மூடி டைல்ஸுக்கு அடியில் போய்விடும். அதன்மேல் அடுப்பும் அலமாரியும் வந்துவிடும். பல ஆண்டுகள் கழித்து வீட்டை வாங்குபவருக்குத் தொட்டி இருப்பதே தெரியாது. கழிவறை பின்வாங்கும் நாளில்தான் தெரியும்.

மூன்று, வீட்டின் வரைபடம். ஊராட்சி மன்றம் ஒப்புதல் அளித்த கட்டட வரைபடத்தில் கழிவுநீர் எங்கே போகிறது என்று காட்டியிருக்க வேண்டும். குனோங் ராபாட் வீடுகளுக்கு ஈப்போ மாநகர் மன்றத்தில் கேட்க வேண்டும். பழைய வீட்டை வாங்குமுன் விற்பவரிடமோ வழக்கறிஞரிடமோ இந்த வரைபடத்தைக் கேட்பதில் தவறில்லை. பல இலட்சம் ரிங்கிட் கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

நான்கு, நிறச் சோதனை. கேசரிக்குப் போடும் நிறப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கழிவறையில் ஊற்றி, சில முறை தண்ணீர் விடுங்கள். ஒருவர் வெளியே நின்று லோங்காங்கைப் பார்க்கட்டும். சில நிமிடத்தில் நிறம் அப்படியே கால்வாயில் வந்தால், கழிவு எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் வெளியேறுகிறது என்று பொருள். தொட்டி இருந்தால் நிறம் உள்ளேயே கலந்து நீர்த்துப்போகும்; உடனே தெரியாது. இந்தச் சோதனைக்காக எந்த மூடியையும் திறக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

செப்டிக் தொட்டி பிரான்சில் பிறந்தது. லூயி மூரா என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் தம் ஊரில் இப்படி ஒன்றை அமைத்து, 1881-இல் காப்புரிமை பெற்றார். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் என்ற பொறியாளர் இதை மேம்படுத்தினார். ‘செப்டிக்’ என்ற பெயர் பரவியது அதன் பிறகுதான். அழுகச் செய்வது என்பதே அந்தச் சொல்லின் கருத்து.

வேலை எளிமையானது. கழிவு தொட்டிக்குள் வந்ததும் வேகம் இழக்கிறது. கனமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவில் இருக்கும் கலங்கல் நீர் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து வெளியேறுகிறது. காற்று இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சேற்றை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை.

ஆனால் தண்ணீர் உள்ளே ஏறக்குறைய ஒரு நாளாவது தங்க வேண்டும். மலேசியாவில் கழிவுநீர்த் திட்டம் போடும்போது ஒரு வீட்டுக்கு 5 பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். குளியல், துணி துவைப்பு, அடுப்படி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆக, வீட்டுக்கு 1,125 லிட்டர். தொட்டியில் பாதி சேறாகிவிட்டால் அந்தத் தண்ணீருக்கு இடம் ஏது? உள்ளே வந்த வேகத்தில் வெளியே போய்விடும், சேற்றையும் அள்ளிக்கொண்டு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நன்றாக வேலை செய்யும் தொட்டியிலிருந்து வெளிவரும் நீரும் சுத்தமான நீர் இல்லை. கட்டியான கழிவு நீங்கியிருக்கும். நோய்க்கிருமிகள் பெரிதும் அப்படியே இருக்கும். மீதி வேலையைத் தொட்டிக்கு வெளியே இருக்கும் மண் செய்ய வேண்டும். நீர் மெதுவாக மண்ணில் ஊறும்போது மண் துகள்கள் கிருமிகளைப் பிடித்துக்கொள்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை அழிக்கின்றன. செப்டிக் முறை என்றால் தொட்டியும் மண்ணும் சேர்ந்ததுதான். நம் நாட்டில் பெரும்பாலான தொட்டிகளின் நீர் மண்ணில் ஊறாமல் லோங்காங்குக்கே போகிறது. குனோங் ராபாட் லோங்காங்குகளின் நீர் சிற்றாறுகள் வழியாகக் கிந்தா ஆற்றைச் சேர்ந்து, கடைசியில் பேராக் ஆற்றில் கலக்கிறது.

சரி, லோங்காங்கில் விடாமல் மண்ணில் ஊறவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? இங்கேதான் குன்றுகள் குறுக்கே வருகின்றன.

குன்றுக்கு அடியிலும் குன்று

குனோங் ராபாட்டின் குன்றுகள் தரையில் தனியாக வைத்த கற்கள் போலத் தோன்றும். உண்மையில் கிந்தாப் பள்ளத்தாக்கின் அடியில் பரந்து கிடக்கும் சுண்ணாம்புப் பாறையின் எஞ்சிய உச்சிகள் அவை. 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பாறை இது. 2018-இல் கிந்தாப் பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்கு இந்தப் பாறை நிலமும் முக்கியக் காரணம்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்து இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. முதலில் மயிரிழை விரிசல், பிறகு குழாய், பிறகு குகை. கோப்பெங் பக்கம் இருக்கும் குவா தெம்புரோங் குகைக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்களுக்கு இது தெரியும். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளக் குகைக்குள் ஓர் ஆறே ஓடுகிறது. நம் காலடியில் இருக்கும் பாறையிலும் இப்படிப்பட்ட வழிகள், சிறிதும் பெரிதுமாக, இருக்கக்கூடும்.

மண்ணில் ஊறும் நீர் மெதுவாக நகரும். பாறைக் குழாயில் விழுந்த நீர் ஓடும். வடிகட்ட அங்கே மண் இல்லை. ஒருவர் வீட்டுத் தொட்டி நீர் அவர் எதிர்பாராத திசையில், எதிர்பாராத வேகத்தில் இன்னொருவர் கிணற்றில் போய் நிற்கலாம்.

இது கற்பனை அச்சம் அன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியின் நடுவே சவுத் பாஸ் என்ற தீவு இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைத் தீவு. கோடையில் ஆயிரக்கணக்கானோர் விடுமுறைக்கு வருவார்கள். 2004 கோடையில் அங்கே போனவர்களில் ஏறக்குறைய 1,450 பேர் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று படுத்தார்கள். ஒரே கிருமி என்றில்லை. பல வகைக் கிருமிகள் அகப்பட்டன. செப்டிக் தொட்டி போன்றவற்றிலிருந்து வெளியேறிய கழிவுநீர் பாறை விரிசல் வழியாக நிலத்தடி நீரில் கலந்து, கிணறுகளுக்கு வந்திருந்தது. தீவில் தொட்டி இல்லாமல் இல்லை. அந்த நிலத்துக்கு அது போதவில்லை.

“நாங்கள் கிணற்று நீர் குடிப்பதில்லையே” என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. பேராக் நீர் வாரியம் சுத்திகரித்த நீர் நம் குழாயில் வருகிறது. ஆனாலும் கிணற்று நீரில் துணி துவைப்பவர்கள், செடிக்கு ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளங்களில் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு நிலத்தில் நீர் தொடர்ந்து கசிந்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு: பாறைப் பொந்துக்குள் மண் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போய், ஒரு நாள் மேல்தரை திடீரென உள்வாங்கலாம்.

ஒரு குழியும் ஒரு கடிகாரமும்

கிந்தாவில் பாறைக்கு மேலே கிடக்கும் மண்ணும் ஒரே தன்மையானது இல்லை. ஈயச் சுரங்க காலத்தில் மண்ணை நீரால் அடித்துக் கரைத்து ஈயத்தைப் பிரித்தார்கள். மணல் ஒரு பக்கம் குவிந்தது. களிச்சேறு இன்னொரு பக்கம் தேங்கியது. பிறகு அந்த நிலங்கள் பலவற்றில் தாமான்கள் எழுந்தன. மணலில் நீர் சட்டென்று இறங்கிவிடும். களிச்சேற்றில் இறங்கவே இறங்காது. பக்கத்துப் பக்கத்து நிலத்தில்கூட இந்த வேறுபாடு இருக்கலாம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மண்ணின் ஆழத்தையும் குணத்தையும் அறிய உலகம் முழுவதும் ஒரு சோதனை செய்கிறார்கள். பிரிட்டனில் பின்பற்றும் முறை இது. நீர் ஊறும் குழாய் பதிக்கப்போகும் மட்டத்துக்குக் கீழே, 30 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி வெட்டுவார்கள். அதை நீரால் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுவார்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, நீர்மட்டம் முக்காலிலிருந்து காலாக, அதாவது 150 மில்லிமீட்டர் இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளப்பார்கள். அதை 150-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர் இறங்க ஆகும் நேரம் கிடைக்கும். விடை 12-க்கும் 100-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நிமிடத்தில் இறங்கினால் 1,200 வினாடி, வகுத்தால் 8. நீர் வேகமாக ஓடிவிடுகிறது, வடிகட்ட நேரம் இல்லை. 2 மணி நேரம் ஆனால் 7,200 வினாடி, விடை 48. நல்ல மண். 6 மணி நேரம் ஆனால் 21,600 வினாடி, விடை 144. நீர் தேங்கி, மழை நாளில் வாசலுக்கே வந்துவிடும்.

ஆசிரியர் அனுமதியோடு பள்ளி அறிவியல் கழகத்தில் இதைச் செய்து பார்க்கலாம். முடிந்ததும் குழியை மூடிவிடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: சுண்ணாம்பு நிலத்தில் 48 என்று நல்ல விடை வந்தாலும் போதாது. குழிக்குக் கீழே பாறைவரை எவ்வளவு மண் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஒரு முழம் மண்ணுக்கு அடியில் விரிசல் இருந்தால் அந்த எண் நம்மை ஏமாற்றிவிடும். அதைச் சொல்ல மண் ஆய்வாளர் வேண்டும்.

அப்படியானால், தேவையா?

இப்போது தலைப்புக் கேள்விக்கு வரலாம். பொதுக் குழாய் வீட்டருகே ஓடினால் அதில் இணைவதுதான் நல்லது, தொட்டி தேவையில்லை. குழாய் இல்லாத இடத்தில் கழிவறை உள்ள வீட்டுக்குத் தொட்டியோ அதைவிட மேலான சிறு சுத்திகரிப்பு அமைப்போ கட்டாயம் தேவை. நேராக லோங்காங்கில் விடுவதற்கு இடமில்லை.

புதிய குடியிருப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 150 பேருக்கு மேல், அதாவது வீட்டுக்கு 5 பேர் வீதம் ஏறக்குறைய 30 வீடுகளுக்கு மேல் கட்டினால், தனித்தனித் தொட்டி போதாது. பொதுக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். அதற்குக் குறைந்த சிறு குடியிருப்புகளிலும் கம்போங் நிலத்தில் தனியாகக் கட்டும் வீடுகளிலும்தான் தொட்டி பற்றிய கேள்வி எழுகிறது. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு சிறு நிலம் வாங்கி வீடு கட்டும் நம் குடும்பங்கள் பல இந்தப் பிரிவில் வருகின்றன.

அப்படிக் கட்டுபவர்கள் குத்தகையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். தொட்டிக்கு அடியிலும் சுவரிலும் நீர் கசியாத தளம் உண்டா? வெளியேறும் நீர் எங்கே போகும்? சேறு உறிஞ்சும் லாரி பின்னால் வந்து நிற்க வழி இருக்கிறதா? “எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்” என்பது இந்த மூன்றுக்கும் பதில் ஆகாது. குன்றுக்கு அருகில், மண் மெல்லிதாக இருக்கும் நிலத்தில், நீரை மண்ணில் ஊறவிடும் குழியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

ஏற்கெனவே தொட்டி இருக்கும் வீட்டுக்கு அடுத்த கடமை, சேற்றை அகற்றுவது. 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் துறைச் சட்டம் 2008 ஜனவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் நடைமுறையில் இருக்கிறது. தொட்டியைப் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. துறையைக் கண்காணிப்பது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது சேற்றை எடுக்கச் சொல்கிறார்கள். அடைத்துக்கொண்ட பிறகு கூப்பிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டி அடைக்காமலேயே பல ஆண்டுகள் சேற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அது நமக்குத் தெரியாது, ஆற்றுக்குத் தெரியும்.

உரிமம் பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும். மலிவு என்று யாரோ ஒரு லாரிக்காரரைப் பிடித்தால், அவர் சேற்றை எங்கே கொட்டுகிறார் என்பதற்கு யார் பொறுப்பு? தமிழ்நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் தொட்டிகளும் லாரிகளும் பெருகவே, 2014-இல் தமிழ்நாடு அரசு தொட்டிச் சேறு மேலாண்மைக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது.

மூடியைத் திறக்காதீர்கள்

தொட்டிக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் சேரும், உயிர்க்காற்று குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் இரண்டொரு மூச்சில் மயங்கி விழலாம். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். இந்தியாவில் மலக்குழிக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் மரணச் செய்திகள் நின்றபாடில்லை. ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளும் அவற்றில் உண்டு.

ஆகவே அப்பா, மாமா, தம்பி யாராக இருந்தாலும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். அருகில் நெருப்புப் பற்ற வைக்காதீர்கள். பழைய சிமெண்ட் மூடியில் விரிசல் கண்டால் சின்னப் பிள்ளைகள் அதன்மேல் ஏறாதபடி மறித்து, உடனே மாற்றச் சொல்லுங்கள். அடுப்பு எண்ணெய், ஈரத்தாள், அணையாடை எதையும் கழிவறையில் போடாதீர்கள்.

வரும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? கட்டண ரசீதை எடுங்கள். வீட்டைச் சுற்றி மூடிகளைத் தேடுங்கள். தொட்டி இருந்தால், கடைசியாக எந்த ஆண்டு சேறு எடுத்தோம் என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். “நினைவில்லையே” என்று பதில் வந்தால் தொலைபேசியை எடுத்து நீங்களே விசாரியுங்கள். பிறகு வீட்டின் வரைபடம் ஒன்றைத் தாளில் வரைந்து, தொட்டி இருக்கும் இடம், மூடி, குழாய் போகும் திசை, சேறு எடுத்த தேதி நான்கையும் குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுப்படியை நீட்டிக் கட்டலாம் என்று வீட்டில் பேச்சு எழும் நாளில் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைக்கலாம்.